ஒரு டீஸ்பூன் எண்ணெய், ஒரு பனியன் துணி

(மழைக்காலம் முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் குடியிருப்பின் பார்க்கிங்கில் நடந்த சைக்கிள் பராமரிப்பு நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன ஓரிரு விஷயங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பல வருஷம் கிளைக்குச் சைக்கிளில்தான் போனேன். இப்போதும் காலையில் பால் வாங்க, காய்கறி வாங்க சைக்கிள்தான். ‘சார், நீங்கதான் தினமும் சைக்கிளைத் துடைச்சிக்கிட்டு இருக்கீங்க, அதைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க’ என்று செயலாளர் கேட்டார். அவர் கேட்காவிட்டாலும் நானே கேட்டு வாங்கியிருப்பேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய காரணம். கடைசியில் சொல்லலாம் என்று நினைத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம். நம் வாட்ச்மேனின் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில்தான் போய்வருகிறாள். மழையில் நனைந்து நனைந்து அந்தச் செயின் வறண்டுபோய் ‘கிறீச் கிறீச்’ என்று கத்தும். அவள் கேட்டைத் தாண்டுவது எனக்கு இரண்டாவது மாடியில் கேட்கும். ‘இரும்மா, தாத்தா எண்ணெய் போட்டுத் தர்றேன்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். சமையலறையில் முதலில் கைக்கு வந்தது நல்லெண்ணெய் பாட்டில். ‘ஏங்க, அது இட்லிப் பொடிக்கு வச்சிருக்கறதுங்க’ என்று என் மனைவி சொல்லச் சொல்ல எடுத்துக்கொண்டு வந்தேன். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, செயின் மேல் தாராளமாக ஊற்றி, பெடலை வேகமாகச் சுற்றினேன். ஒரே நிமிஷத்தில் சத்தம் நின்றுவிட்டது. ‘தேங்க்ஸ் தாத்தா’ என்றாள். எனக்கு ரொம்பப் பெருமை.

மறுநாள் காலை, நம் தெரு மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. அவள் பிரேக் பிடித்திருக்கிறாள். முன் பிரேக் ஏற்கெனவே லூஸ். பின் பிரேக் வழுக்கிவிட்டது. ஆட்டோக்காரர் சுதாரித்து நிறுத்தியதால் கீழே விழுந்ததோடு போயிற்று. முழங்கையில் மூன்று தையல்.

சைக்கிளை எடுத்துவந்து நிறுத்தியபோது பின் சக்கரத்தின் ரிம்மை விரலால் தடவிப் பார்த்தேன். பிசுபிசு என்று இருந்தது. மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய் வாசனை. நான் ஊற்றிய எண்ணெயில் செயின் குடித்தது போக மிச்சம் ஃப்ரீவீலில் தெறித்து, கம்பி வழியாக இறங்கி ரிம்மில் உட்கார்ந்துவிட்டது. வாட்ச்மேனிடம் போய் உண்மையைச் சொன்னேன். ‘பரவாயில்ல சார், நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க’ என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அன்றைக்குக் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடையில் போய் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன், கேட்டேன், வீட்டில் என் சைக்கிளிலேயே செய்தும் பார்த்தேன். நாம் எல்லோருமே அவசரத்துக்கு வீட்டில் இருப்பதைத்தான் எடுக்கிறோம். அதில் தவறில்லை. எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, எடுத்தால் எங்கே எவ்வளவு விட வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் செயின். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பட்டை மாதிரி தெரிகிறது. கிட்டத்தில் பார்த்தால் பக்கத்துக்கு ஒரு தகடு, நடுவில் ஒரு சின்ன உருளை, உருளைக்குள் ஒரு பின். இந்த வகைச் செயினை 1880-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் உருவாக்கினார். இன்றைக்கும் அடிப்படை அதேதான். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம்.

தேய்மானம் நடப்பது உருளைக்குள் அந்தப் பின் உரசும் இடத்தில். அது உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் வேண்டியது அங்கேதான். வெளித் தகட்டின் மேல் நிற்கும் எண்ணெயால் துரு பிடிக்காமல் இருக்கும் என்பதைத் தவிர வேறு லாபம் இல்லை. நஷ்டம்தான் அதிகம். நம் சாலைப் புழுதி எல்லாம் அதில் வந்து ஒட்டும். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் என்ன ஆகும்? அம்மியில் வைத்து அரைத்த மாதிரி செயினையும் பல்சக்கரத்தையும் அரைக்கும்.

சரி, எவ்வளவு எண்ணெய் வேண்டும்? வங்கிக்காரன் என்பதால் கணக்குப் போட்டேன். கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள் செயினில் ஏறக்குறைய 110 கண்ணிகள் இருக்கும். கண்ணிக்கு ஒரு சொட்டு. ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு என்று வைத்தால் மொத்தம் ஐந்தரை மில்லி. அதாவது ஒரு டீஸ்பூன். அன்றைக்கு நான் ஊற்றியது கால் டம்ளர் இருக்கும்.

இப்போது வீட்டில் இருக்கும் ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

சமையல் எண்ணெய்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாமே முதல் நாள் வேலை செய்யும். சத்தம் நிற்கும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். உங்கள் வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையைத் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் பாட்டில் வைக்கும் தட்டின் அடியைத் தொட்டுப் பாருங்கள். மஞ்சளாக, பிசின் மாதிரி ஒட்டும். எண்ணெய் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாவதால் வருவது அது. செயினுக்குள்ளும் அதேதான் நடக்கும். சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் பிசினாகும், கடலை எண்ணெய் கொஞ்சம் மெதுவாக ஆகும். வேறு வழியே இல்லாமல் போட்டால், நாலைந்து நாளுக்குள் துடைத்து எடுத்துவிட்டு வேறு எண்ணெய் போட வேண்டும்.

தேங்காய் எண்ணெய். இது மற்றவற்றைவிட மெதுவாகத்தான் பிசினாகும். ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் குளியலறைப் பாட்டிலில் வெள்ளையாக நிற்கிறதே, அதேதான். ‘எங்கப்பா காலத்துல தேங்காய் எண்ணெய்தான் போட்டோம், சைக்கிள் இருபது வருஷம் ஓடுச்சு’ என்று ஒரு நண்பர் கேட்டார். என் அப்பாவும் அதைத்தான் போட்டார். யோசித்துப் பார்த்தால் விடை அந்தச் சைக்கிளிலேயே இருக்கிறது. அப்பாவின் கறுப்புச் சைக்கிளுக்கு முழுச் செயின் கவர் இருந்தது. புழுதியும் மழையும் உள்ளே போகாது. என்ன எண்ணெய் போட்டாலும் அந்தக் கவர் காப்பாற்றியது. இன்று பிள்ளைகள் ஓட்டும் சைக்கிள்களில் செயின் திறந்தே கிடக்கிறது. அப்பாவின் எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டோம், கவரை விட்டுவிட்டோம்.

விளக்கெண்ணெய். மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மை போடுவதைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். நல்ல வழுவழுப்பு, அழுத்தம் தாங்கும். விமானங்கள் வந்த புதிதில் அவற்றின் என்ஜினுக்கே ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் செயின் உருளைக்குள் இறங்க முடியாத அளவுக்கு அது கெட்டி. மேலேயே நின்று மண்ணைப் பிடிக்கும். வண்டி அச்சுக்குச் சரி, செயினுக்கு வேண்டாம்.

வாசலினும் அப்படியே. உள்ளே போகாது, வெளியே ஒட்டும். மெழுகுவர்த்தியை எடுத்து மேலே தேய்ப்பதிலும் பயனில்லை. மெழுகு நல்ல பொருள்தான், பந்தய வீரர்கள்கூடப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவர்கள் செயினைக் கழற்றி, சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, உருக்கிய மெழுகில் முக்கி எடுக்கிறார்கள். அடுப்பில் மெழுகை உருக்குவது தீப்பிடிக்கக்கூடிய வேலை. பிள்ளைகள் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

மண்ணெண்ணெய், டீசல். இவை அழுக்கைக் கரைக்கும், அவ்வளவுதான். கரைத்துவிட்டு ஆவியாகிப் போகும், வழுவழுப்பு நிற்காது. கழுவியதோடு விட்டால் இருந்த எண்ணெயும் போய்விடும். பல வீடுகளில் இருக்கும் நீலமும் மஞ்சளுமான டபிள்யூ.டி.-40 டப்பாவும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் வரும். 1953-ல் அமெரிக்காவில், உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது. நாற்பதாவது முயற்சியில் கிடைத்ததால் அந்தப் பெயர். நனைந்த செயினில் ஈரம் போக்க, துருவை இளக்க உதவும். அதற்குப் பிறகு எண்ணெய் போட்டாக வேண்டும். அந்த நிறுவனமே செயினுக்கென்று தனி எண்ணெய் விற்கிறது என்பதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பைக் சர்வீஸ் செய்யும்போது வடிக்கும் வேஸ்ட் ஆயில். தயவுசெய்து வேண்டாம். அதில் என்ஜினுக்குள் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் இருக்கும். தோலுக்கும் நல்லதில்லை. பிள்ளைகள் கை வைக்கும் இடம். டூவீலருக்கு வாங்கிய புது என்ஜின் ஆயில் மிச்சம் இருந்தால் அது பரவாயில்லை. கொஞ்சம் கெட்டி, கறுப்பாக்கும். கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு நன்றாகத் துடைத்தால் மழைக்காலத்தில்கூடத் தாங்கும்.

கடைசியாக, நம் வீட்டிலேயே இருக்கும் நல்ல மாற்று: தையல் மிஷின் ஆயில். இது கனிம எண்ணெய், பிசினாகாது. தண்ணீர் மாதிரி மெலிசாக இருப்பதால் உருளைக்குள் உடனே இறங்கும். மூக்கு நீண்ட பாட்டில், சொட்டுச் சொட்டாக விடலாம். ஒரே குறை, மெலிசு என்பதால் சீக்கிரம் போய்விடும். தினம் ஓட்டும் சைக்கிளுக்கு வாரம் ஒரு முறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே போட வேண்டும். சைக்கிள் கடையில் செயினுக்கென்றே விற்கும் எண்ணெய் வாங்கினால் இன்னும் நல்லது. அது வரும் வரை இது போதும்.

இனி போடும் முறை.

முதலில் சைக்கிளை ஸ்டாண்ட் போடுங்கள். பழைய பனியன் துணியால் செயினின் கீழ்ப்பக்கத்தை நடுவில் பிடித்துக்கொண்டு, பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். பின்பக்கம் சுற்றினால் சக்கரம் சுழலாது, எண்ணெய் தெறிக்காது. பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகாதீர்கள். ஒருவர் துணியைப் பிடிக்க, இன்னொருவர் பெடல் சுற்றுவது கூடவே கூடாது. விரல் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துணி ஓரளவு கறுப்பில்லாமல் வரும் வரை துடைக்க வேண்டும். ரொம்ப அழுக்கு என்றால் பாத்திரம் கழுவும் திரவத்தையும் பழைய டூத்பிரஷ்ஷையும் வைத்துத் தேய்த்து, தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிட வேண்டும்.

அழுக்கை எடுக்காமல் மேலேயே எண்ணெய் விடுவது எப்படி என்றால், வித்தியாசம் வந்த கணக்கைத் தேடாமல் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரி. அன்றைக்கு டேலி ஆகும். ஆடிட் வரும்போது தெரியும்.

துடைத்த பிறகு, செயினின் கீழ்ப்பக்கத்தில் உள்பக்கமாக, உருளைக்கு ஒரு சொட்டு. பெடலை நகர்த்தி அடுத்தது. நூற்றுப் பத்துக்கும் பொறுமையாகப் போட வேண்டும். பிறகு பெடலைப் பின்பக்கம் இருபது சுற்று. ஐந்து பத்து நிமிஷம் விட்டுவிட்டு, சுத்தமான துணியால் வெளியில் இருக்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். இந்தக் கடைசித் துடைப்பைத்தான் நாம் யாரும் செய்வதில்லை. ‘போட்ட எண்ணெயையே துடைக்கிறதா?’ என்று மனசு கேட்காது. உள்ளே போனது உள்ளேயே இருக்கும். வெளியில் மினுமினு என்று இல்லாமல், தொட்டால் விரலில் லேசாகப் படிந்தால் அதுதான் சரி.

முடித்ததும் ரிம்மைப் பாருங்கள். பிரேக் கட்டை பிடிக்கும் இடத்தில் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். கட்டையிலும் பட்டிருந்தால் உப்புத்தாளால் மேல்பக்கத்தைத் தேய்த்துவிடலாம். டிஸ்க் பிரேக் இருக்கும் சைக்கிளில் இன்னும் கவனம் வேண்டும். தட்டின் மேல் ஒரு செய்தித்தாளைச் சுற்றி மூடிவிட்டு எண்ணெய் போடுங்கள், ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். அந்த பிரேக் பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் பெரும்பாலும் மாற்ற வேண்டிவரும். எல்லாம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் பார்க்கிங்குக்குள்ளேயே ஓட்டி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்த பிறகுதான் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். அன்றைக்கு நான் இந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்திருந்தால் அந்த மூன்று தையல் இல்லை.

எண்ணெய் போட்டும் செயின் நழுவுகிறது, சத்தம் வருகிறது என்றால் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு அடி ஸ்கேல் இருந்தால் போதும். ஸ்கேலின் பூஜ்ஜியத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். அதிலிருந்து இருபத்து நான்காவது பின்னின் நடு, புதுச் செயினில் சரியாகப் பன்னிரண்டு அங்குலக் கோட்டில் நிற்கும். தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூல் என்பார்கள். அரை நூல் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு நூல் தள்ளியிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், அதையும் மாற்ற வேண்டிவரலாம். காலத்தில் செயினை மட்டும் மாற்றினால் செலவு குறைவு.

கடைசியாக, சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பார்க்கிங்கின் பின் சுவரோரம் பன்னிரண்டு சைக்கிள்கள் கேட்பாரற்று நிற்கின்றன. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் இங்கே தண்ணீர் நின்றபோது மூழ்கியவை பாதிக்கு மேல். ‘துருப்பிடித்துவிட்டது, காயலான் கடைக்குப் போடலாம்’ என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. எடுத்துப் பார்த்தேன். எட்டுச் சைக்கிளில் செயினின் மேலே மட்டும்தான் துரு. கண்ணிகள் மடங்குகின்றன. துடைத்து எண்ணெய் போட்டால், டயர் டியூப் மாற்றினால் ஓடும். நான்கில் கண்ணியே மடங்கவில்லை, அவற்றுக்குச் செயினையே மாற்ற வேண்டும். சொந்தக்காரர்கள் ஒரு மாதத்துக்குள் சொன்னால் அவர்களுக்கே தயார் செய்து கொடுக்கலாம். வேண்டாம் என்பவர்களின் சைக்கிளை நம் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நான் வருகிறேன். கூட இரண்டு பேர் வந்தால் போதும்.

வாட்ச்மேன் அறையில் ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன். அதில் ஒரு தையல் மிஷின் ஆயில் பாட்டில், பனியன் வேஸ்ட் கொஞ்சம், ஒரு டூத்பிரஷ், ஒரு உப்புத்தாள், ஒரு அடி ஸ்கேல் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள், அவ்வளவுதான். எண்ணெய் தீர்ந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அந்த டின்னை முதலில் பயன்படுத்தியது யார் என்று கேட்டால், அந்தப் பெண்தான். தையல் பிரித்த வாரமே வந்தாள். நான் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். ‘தாத்தா, நானே போட்டுக்கறேன், நீங்க சொல்லுங்க’ என்றாள். சொட்டுச் சொட்டாக எண்ணிப் போட்டாள். துடைத்தாள். பிறகு, நான் சொல்லாமலே, ரிம்மை விரலால் தடவிப் பார்த்தாள். இன்றைக்கும் அவள் இங்கே நிற்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறாள்.

என் பேச்சு முடிந்தது. ஆளுக்கொரு துணி எடுத்துக்கொள்ளுங்கள், ஆரம்பிக்கலாம்.